நிபந்தனை நீக்கிய பதிப்பு

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் காஞ்சனா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். எம்.ஏ. ஆங்கிலம், முதல் வகுப்பு. அந்தப் படிப்பு இப்போது ஆதார் விண்ணப்பத்தில் அடுத்தவர் பெயரைப் பெரிய எழுத்தில் நிரப்புவதற்கும், கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பட்டத்துக்குப் புள்ளி சரியாக வைப்பதற்கும் பயன்பட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் வரதராஜன் ஒரு பென் டிரைவோடு வந்து, "ஒரு புக்கு மாட்டிகினு கீதும்மா. உன் இங்கிலீசுக்குன்னே பொறந்த புக்கு," என்றபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வரதராஜன் மலையடிவாரக் கடைகளுக்குச் சின்னச் சின்னப் புத்தகங்கள் அச்சடித்துப் போடுகிறவர். பல்லி விழும் பலன், மச்ச சாஸ்திரம், கனவுப் பலன், குழந்தைக்குப் பெயர் என்று பத்துப் பதினைந்து தலைப்புகள். வருஷா வருஷம் அட்டையின் நிறம் மட்டும் மாறும். பல்லி அதே இடத்தில்தான் விழும்.

"நம்ப ஊரு மந்திரத்துக்கு மதிப்பு போயிடிச்சிம்மா," என்றார். "எலுமிச்சம்பழத்தக் காட்டினா சின்னப் புள்ள கூட சிரிக்குது. அதையே துருக்கி எலுமிச்சம்பழம்னு சொல்லு, ரெண்டு கையையும் நீட்டி வாங்குவான்."

இன்டர்நெட்டில் கிடைத்த ஏதோ ஒரு மந்திரத் தொகுப்பை அவர் ஏற்கெனவே செல்போனில் தமிழாக்கி வைத்திருந்தார். பார்த்துக் கொஞ்சம் சரிசெய்தால் போதுமாம். காஞ்சனா திறந்து பார்த்தாள். முதல் வரியே 'இந்த எழுத்துக்கூட்டலை எதிரியின்மீது வீசவும்' என்றிருந்தது. 'ஸ்பெல்' என்றால் மந்திரமும்தான் என்பது செல்போனுக்குத் தெரியவில்லை. இரண்டாம் பக்கத்தில் 'வளைகுடா இலை ஏழு' கேட்டிருந்தார்கள்.

"அது பிரிஞ்சி இலைங்க. பிரியாணில போடுவாங்களே, அது."

"அப்பிடியா? நான் துபாய்ல இருக்கிற மச்சானாண்ட சொல்லி வெச்சிருக்கேனே!"

நரியின் கையுறை, ஆட்டுக்குட்டியின் காது என்றெல்லாம் வந்தவை செடிகளின் பெயர்கள் என்று அவள் விளக்கினாள். ஆட்டுக்குட்டியின் காதுக்குக் கறிக்கடையில் விசாரித்துவிட்டதாக வரதராஜன் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

முழுதாக மறுபடி எழுதுவது என்று முடிவானது. வரதராஜன் மூன்று விதிகள் போட்டார். முதலாவது, எல்லாச் சாமானும் திருத்தணி மார்க்கெட்டிலேயே கிடைக்க வேண்டும். இரண்டாவது, அருவருப்பு கூடாது. இங்கிலாந்தில் பாட்டிலில் ஆணியும் மூத்திரமும் ஊற்றிச் சுவருக்குள் புதைப்பார்கள் என்று காஞ்சனா படித்துக் காட்டியதும், "பன்னீர்னு போடு," என்றார். ஐஸ்லாந்தில் செத்தவனின் தோலை இடுப்புக்குக் கீழே உரித்துக் கால்சட்டையாக மாட்டிக்கொண்டால் பணம் வந்துகொண்டே இருக்கும் என்றபோது கொஞ்ச நேரம் யோசித்தார். "வெள்ள வேட்டின்னு போட்டுடு. புதுசு."

மூன்றாவது விதி, முருகனைத் தொடக் கூடாது. பிரேசிலில் கல்யாணமாகாத பெண்கள் ஒரு புனிதரின் சிலையைத் தண்ணீருக்குள் தலைகீழாக நிறுத்தி, மாப்பிள்ளை கிடைக்கிறவரை நிமிர்த்தமாட்டார்கள். இதைக் கேட்டதும் வரதராஜன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நம்ப ஜனம் படிச்சிட்டு எவரத் தலைகீழா நிறுத்துவாங்கன்னு எனக்குத் தெரியும். வேணாம்மா. அந்தப் பொண்ணையே வேணும்னா தலைகீழா நிக்கச் சொல்லு." அப்படித்தான் அச்சானது.

வேலை பாதி நடந்தபோது ஒரு சிக்கல் வந்தது. பக்கத்துக்கு ஒன்றாக நூற்றியொரு மந்திரம் என்று கணக்கு. ஆனால் நிஜ மந்திரங்கள் ரொம்பச் சின்னவையாக இருந்தன. மெக்சிகோக்காரன் ஒரு முட்டையை எடுத்து உடம்பெல்லாம் உருட்டி, உடைத்துப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறான். நாலு வரிக்குமேல் தேறவில்லை.

"அரைப் பக்கம் காலியா கெடந்தா வாங்கறவன் ஏமாந்துட்டோம்னு நினைப்பான். நீயே நாலு நிபந்தனை போட்டு நிரப்பிடு," என்று சொல்லிவிட்டு வரதராஜன் டீ குடிக்கப் போய்விட்டார்.

காஞ்சனா முதலில் நல்ல பிள்ளையாகத்தான் நிரப்பினாள். குளித்துவிட்டுச் செய்யவும், வடக்கு பார்த்து உட்காரவும், அன்று வெங்காயம் தவிர்க்கவும். பத்துப் பக்கம் போனதும் வெங்காயத்தில் அவளுக்கே அலுப்புத் தட்டியது. வாசலில் எவனோ பைக்கைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போயிருந்தான். அன்று இத்தாலி நாட்டுச் செல்வ வசியத்துக்கு ஒரு நிபந்தனை சேர்ந்தது: 'இதைச் செய்பவர் ஒரு மண்டலத்துக்கு எந்தக் கடை வாசலிலும் வண்டியை நிறுத்தக் கூடாது. குறிப்பாகப் பெண்கள் நடத்தும் கடை.' எழுதிவிட்டு அவளே தனியாகச் சிரித்துக்கொண்டாள். பிறகு கை நிற்கவில்லை. வேலைக்காரர்கள் சொன்ன பேச்சைக் கேட்க அமெரிக்காவில் தேன் பாட்டிலுக்குள் பெயர்ச்சீட்டைப் போடுகிறார்கள். அதற்கு அவள் சேர்த்தது: 'முதலாளி இருபத்தொரு நாள் வேலைக்காரர்களோடு சேர்ந்து உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். அவர்கள் பிள்ளைகளின் பெயரைக் கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும்.'

அறுபத்தேழாம் பக்கத்தில் புறம்பேசுகிறவர்களின் வாயைக் கட்டும் மந்திரம் வந்தது. இதுவும் அமெரிக்காதான். பேசுகிறவரின் பெயரைக் காகிதத்தில் எழுதி, தண்ணீரில் போட்டு, ஃப்ரீசரில் வைத்து உறைய விட வேண்டும். நாக்கு உறைந்துவிடும். இரண்டே வரி.

காஞ்சனாவுக்குத் தேவகியின் ஞாபகம் வந்தது. தேவகி அவள் கணவன் குணசேகரனின் அக்கா, இரண்டு வீடு தள்ளி இருந்தாள். தெருவில் தண்ணீர் லாரி வருவதற்குள் காஞ்சனாவைப் பற்றி நாலு பேரிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும் அவளுக்கு. கடையில் ஆம்பளைகளோடு உட்கார்ந்து சிரிக்கிறாள். தம்பியைச் சட்டை துவைக்க விடுகிறாள். சாம்பாரில் பருப்பே இல்லை. தேவகியின் கையில் இந்தப் புத்தகம் எப்படியும் போய்ச் சேரும். பல்லிப் புத்தகத்தையே தலையணைக்கடியில் வைத்திருப்பவள். சேர்ந்தால் யார் பெயரை உறைய வைப்பாள் என்பதிலும் காஞ்சனாவுக்குச் சந்தேகம் இல்லை. விரல்களைச் சொடுக்கிக்கொண்டு தட்டினாள்.

'நிபந்தனை: இந்த மந்திரம் பலிக்க, செய்பவர் நாற்பத்தெட்டு நாள் அந்த நபரைப் பற்றி ஒரு சொல்கூடத் தப்பாகப் பேசக் கூடாது. பேசினால் கட்டு உங்கள் நாக்குக்கே திரும்பும். அன்றிலிருந்து மறுபடி முதல் நாள். வெள்ளிதோறும் உங்கள் கையால் சமைத்ததை அவருக்குக் கொடுக்கவும். காகிதத்தில் முழு விலாசம் எழுதவும்.'

பக்கம் நிரம்பிவிட்டது.

ஆசிரியராக, இல்லாத ஒருவரை வரதராஜனே உண்டாக்கினார். பெயர் பன்னாட்டுச் சித்தர் பங்காரு சுவாமிகள். படத்தைச் செல்போனில் ஏதோ ஒரு ஆப் வரைந்து கொடுத்தது. ஜடாமுடி, பின்னால் பூமி உருண்டை, ஆசீர்வதிக்கும் வலது கையில் ஆறு விரல். அச்சான பிறகுதான் காஞ்சனா எண்ணிப் பார்த்துப் பதறினாள். வரதராஜன் பதறவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி வந்த கூட்டம் அந்தக் கையைப் பார்த்து, ஆறுமுகத்துக்கு ஆறு விரல் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனது. நகரியிலிருந்து வந்த ஒருவர், சுவாமிகளைத் தாம் சின்ன வயதில் நேரில் பார்த்ததாகவும், அப்போது ஐந்து விரல்தான் இருந்ததாகவும், ஆறாவது தவத்தில் முளைத்திருக்க வேண்டும் என்றும் கடைக்காரரிடம் சொன்னார்.

ஒரே மாதத்தில் ஊருக்குள் உலகம் வந்து இறங்கிவிட்டது. ஷேர் ஆட்டோக்களில் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் திருஷ்டி கழிக்கும் துருக்கி நீலக் கண்ணாடிக் கண் ஆடியது. முட்டைக் கடையில் உடம்பில் உருட்டுவதற்கென்று நாட்டு முட்டையாகப் பொறுக்கிக் கேட்டார்கள். காஞ்சனாவின் கடை வாசலில் ஒரு பைக்கும் நிற்கவில்லை. எதிரே இருந்த பல் டாக்டர் வாசலில் எட்டு பைக் நின்றது. அவர் ஆண்.

அந்த நாட்களில்தான் குணசேகரன் பைக்கிலிருந்து விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான். ஐஸ் ஒத்தடம் வைக்க வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜ் ரிப்பேரில் கிடந்ததால் காஞ்சனா தேவகி வீட்டுக்கு ஓடினாள். தேவகி குளித்துக்கொண்டிருந்தாள்.

"ஃப்ரீசர்ல இருக்கும், எட்த்துக்கோ!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அடுத்த நொடி வேறு குரல் வந்தது. "ஐயோ, வேணாம், இரு, நான் வரேன்!"

அதற்குள் காஞ்சனா திறந்துவிட்டாள். ஐஸ் டிரேக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதில் உறைந்த தண்ணீருக்குள் ஒரு காகிதம். 'கு. காஞ்சனா, க/பெ. குணசேகரன்,' கதவு எண், தெரு, திருத்தணி, பின்கோடு. அமெரிக்க ஆவி தபால்காரரைக் கேட்காமலே வந்து சேரலாம்.

காஞ்சனாவுக்கு முதலில் ரத்தம் கொதித்தது. டம்ளரைச் சுவரில் அடிக்கலாம் என்று கையிலேயே எடுத்துவிட்டாள். அப்போதுதான் நினைவுக்கு வந்தது: இரண்டு வாரமாகத் தெருவில் தன்னைப் பற்றி எந்தப் பேச்சும் இல்லை. போன வெள்ளிக்கிழமை எள்ளுருண்டை. அதற்கு முந்தின வெள்ளி பால் கொழுக்கட்டை. டம்ளரை எடுத்த இடத்திலேயே வைத்தாள். ஈரத் தலையோடு ஓடி வந்த தேவகியிடம், "ஐஸ் எட்த்துகினேன் அண்ணி," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். தன் வீட்டு வாசல் வரைகூடச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் காஞ்சனாவை நல்லவள் என்று சொல்லியிருக்கலாம். அவள் விடவில்லை. எதிரியின் வாயைத் தன் கையாலேயே தைத்திருக்கிறோம் என்று தெரிந்த பிறகு, அந்த வாய் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது. குணசேகரனின் கால் சரியானதும், தன் புடவைகளைத் துவைத்து மொட்டை மாடியில் உதறிக் காயப்போடும் வேலையை அவனிடம் கொடுத்தாள். தேவகி கீழே நின்று பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, "இன்னா தேவகி, தம்பி புடவ துவைக்குது?" என்று எடுத்துக் கொடுத்தபோதும், "பாவம், அந்தப் பொண்ணுக்குக் கடைல வேல ஜாஸ்தி," என்றாள். சொல்லும்போது கழுத்து நரம்பு புடைத்தது.

ஆவணிக் கிருத்திகையன்று, ஊரே விரதம் இருக்க, காஞ்சனா அரக்கோணத்திலிருந்து சிக்கன் பிரியாணி பார்சல் வாங்கிக்கொண்டு, பையை மூடாமல், தேவகி வீட்டு வாசல் வழியாக நடந்தாள். மணம் முன்னால் போயிற்று.

"அடி படுபாவி!" என்று கத்திவிட்டாள் தேவகி. உடனே வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்தாள். எண்ணி வந்த இருபத்தைந்து நாளும் போயிற்று. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

அன்று பிரியாணி காஞ்சனாவுக்கு ருசிக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமையும் தேவகி வந்தாள். தூக்குச் சட்டியில் காரக்குழம்பு. "சுண்டைக்காய் போட்டது. உனக்குப் புடிக்கும்ல?" என்றாள். கண் வீங்கியிருந்தது. காஞ்சனா அதற்கப்புறம் அவளைச் சீண்டவில்லை. குழம்பு நன்றாக இருந்தது என்பதும் ஒரு காரணம்.

புரட்டாசியில் அம்மையார்குப்பத்திலிருந்து ஜெகநாதன் என்பவர் வரதராஜனைத் தேடிக்கொண்டு நேராகக் காஞ்சனாவின் கடைக்கே வந்துவிட்டார். பன்னிரண்டு பவர்லூம் ஓட்டுகிறவர். கையில் புத்தகம், தேன் பாட்டில் மந்திரத்தின் பக்கம் மடித்திருந்தது.

"எவன்யா எழுதனான் இத?" என்றார். "இருவத்தோரு நாள் தறி ஓட்றவனுங்களோட டீ குடிச்சேன். புள்ளைங்க பேரெல்லாம் மனப்பாடம் பண்ணேன். உதயா, சௌமியா, மணியம்மை, அல்லாம் தெரியும் எனக்கு!"

"பலிக்கலீங்களா?" என்றார் அங்கே டீயோடு உட்கார்ந்திருந்த வரதராஜன் பவ்யமாக.

"எங்க பலிச்சிது? முன்னல்லாம் என்னக் கண்டா எழுந்து நிப்பானுங்க. இப்போ, 'அண்ணே, சௌமியாவுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும், உங்களுக்குத் தெரியாததா'ன்னு கூலிய ஏத்திக் கேக்கறானுங்க. எப்டிய்யா முடியாதுன்றது? அந்தப் பொண்ண எனக்குத் தெரியுமே! நேத்து கூட ரெண்டு ரூவா முட்டாய் வாங்கிக் குடுத்தேன்."

அவர் குரல் உடைந்தது. தேன் தந்த வேதனை அது.

ஜெகநாதன் முதல் ஆள் இல்லையாம். வரதராஜன் அன்று மாலை மனம் திறந்தார். புத்தகம் நல்லாத்தான் இருக்குது, நிபந்தனைதான் முடியல என்று கடைக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்களாம். மயானத்து மண் எடுத்து வா என்றால் ஜனங்கள் போகிறார்கள். முச்சந்தியில் நின்று முட்டையை உடை என்றால் உடைக்கிறார்கள். மாமியாரிடம் ஒரு வாரம் சிரித்துப் பேசு என்றால்தான் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

"ஐப்பசி சஷ்டிக்கு ரெண்டாம் பதிப்பு. நிபந்தனை அல்லாத்தயும் தூக்கிடு."

"அதுதாங்க அதுல இருக்கிற ஒரே நல்ல விஷயம்," என்றாள் காஞ்சனா.

"நல்ல விஷயத்துக்குத் தனியா புக்கு போட்டேம்மா, ஒரு வருஷம். கரையான்தான் படிச்சிது." அவர் எழுந்தார். "உன்னால முடியாதுன்னா சொல்லு, அரக்கோணத்துல ஆள் கீது."

கதையாக இருந்தால் காஞ்சனா இந்த இடத்தில் கொதித்தெழுந்து பென் டிரைவை வீசியிருக்க வேண்டும். அவள் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, நிபந்தனைகளைத் தேர்வு செய்து, அழித்தாள். நூற்றியொரு தடவை. காலியான இடத்தில் மண்டை ஓடு, ஆந்தை, எரியும் கண் என்று படம் போட்டாள். அட்டையில் சிவப்புப் பட்டையில் கொட்டை எழுத்து: 'நிபந்தனை நீக்கிய பதிப்பு'. முதல் பதிப்பைவிடப் பத்து மடங்கு விற்றது. மறு வாரமே கடை வாசலில் மூன்று பைக் வந்து நின்றது.

சஷ்டி முடிந்து இரண்டாம் நாள், கடையில் ஜெராக்ஸுக்கு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தபோது, தேவகி வந்தாள். இடது கையில் பழைய புத்தகம், வலது கையில் புதுசு.

"காஞ்சனா, நீ படிச்சவ. இதுல அறுவத்தேழாம் பக்கம் பாரு. அந்த நாப்பத்தெட்டு நாள் எங்க? ஆந்த உக்காந்துகினு கீது!"

"அது... புது பதிப்புல எடுத்துட்டாங்க அண்ணி."

"எடுத்துட்டாங்களா? அப்ப நான் இன்னா கேணச்சியா? நடுவுல ஒரு தரம் வாய் தவறி, மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணி, இன்னியோட நாப்பத்தோராவது நாள். நாக்க மடிச்சி வெச்சிகினு, சோறு எறங்காம..." யாரைப் பற்றி என்று சொல்லிவிடப் போகிறோமே என்று நிறுத்திக்கொண்டாள். அந்த நிலையிலும் அவள் நாற்பத்தோராவது நாளைக் காப்பாற்றினாள்.

காஞ்சனா பொய் சொல்லியிருக்கலாம். அச்சுப் பிழை என்றால் நம்பியிருப்பாள். ஆனால் எள்ளுருண்டை, கொழுக்கட்டை, காரக்குழம்பு எல்லாம் சாப்பிட்ட வாயில் பொய் வரவில்லை.

"அந்த நிபந்தனைய நான்தான் எழுதனேன் அண்ணி. எந்த சுவாமியும் இல்ல. டம்ளர்ல என் பேர் இருக்கிறதும் தெரியும். என்னப் பத்திப் பேசாம இருக்கணும்னுதான் எழுதனேன்."

தேவகி இரண்டு புத்தகத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அப்புறம் தேவகி வாயைத் திறந்தாள்.

நாற்பத்தொரு நாள் பாக்கி. ஒன்றும் விட்டுப் போகவில்லை. புடவை, பிரியாணி, ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிவரை தூக்கம், வரதராஜனின் ஸ்கூட்டரில் வந்து இறங்கியது, பருப்பில்லாத சாம்பார். வரிசையில் நின்றவர்கள் தங்கள் நகல்களை வாங்கிய பிறகும் நகரவில்லை. காஞ்சனா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். பிரியாணிக்கு மட்டும் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாள். கால் மணி நேரம் கழித்துத் தேவகி ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். முகம் தெளிந்திருந்தது, ஏதோ பெரிய காய்ச்சல் விட்டாற்போல.

"இத நேர்ல சொல்றதுக்கு இன்னாடி?" என்றாள்.

"சொன்னா கேட்டிருப்பீங்களா அண்ணி?"

தேவகி நேர்மையாக யோசித்தாள். "மாட்டேன். நீ சொன்னா நான் ஏன் கேக்கறேன்? அமெரிக்காகாரன் சொன்னான்னுதான் வாயக் கட்டிகினு இருந்தேன்."

தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, பழைய புத்தகத்தில் அறுபத்தேழாம் பக்கத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள்.

"இத இருவது காப்பி போடு."

"எதுக்கு அண்ணி?"

"என்னப் பத்திப் பேசறவளுங்க இந்தத் தெருவுல இல்லையா? வாயாடின்றாளுங்க. நாளைக்கு வீடு வீடா குடுக்கப் போறேன். எதிர்த்த வூட்டு ரஞ்சிதத்துக்கு மட்டும் ரெண்டா போடு."

காஞ்சனா பக்கத்தை எடுத்து மெஷின் மூடியைத் தூக்கினாள்.

"இரு, இரு," என்றாள் தேவகி. "கம்ப்யூட்டர்ல வெச்சிருப்பல்ல? நாப்பத்தெட்ட எடுத்துட்டு நூத்தியெட்டுன்னு அடி. வெள்ளிக்கெழம மட்டும் போதாது, செவ்வாய்க்கெழமையும் சேத்துக்கோ. கீழ பெருசா போடு, அமெரிக்கான்னு."